காமன் முடி: ஊவாத் தோட்டங்களில் தலையணி செய்யும் திருநாள்

1. பொருளும் எல்லையும்

தலையில் அணிவதைத் தன் கையாலேயே செய்து, அதைச் சூடிக்கொண்டு ஒரு நாளைக் கலகலப்பாகக் கழிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பாரிஸ் நகரத் தையற்கூடங்களில் நவம்பர் 25ஆம் திகதி புனித கத்தரீன் நாள். 25 வயதாகியும் மணமாகாத பெண்களுக்குத் தோழியர் மஞ்சளும் பச்சையுமாக விதவிதமான தொப்பிகள் செய்து சூட்டுவார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரில் 1986இல் தொடங்கிய தொப்பி நாள் ஒக்டோபர் 6இல் வருகிறது. லூயிஸ் கரோலின் ‘ஆலிஸ்’ கதைக்கு ஜோன் டெனியல் வரைந்த படத்தில், தொப்பிக்காரனின் தொப்பியில் செருகியிருக்கும் விலைச்சீட்டில் 10/6 என்று இருக்கும். திகதி அதிலிருந்து வந்தது. இலங்கையின் முன்பள்ளிகளிலும் வீட்டில் ஒட்டிய காகிதத் தொப்பிகளோடு பிள்ளைகள் அணிவகுத்துப் போகிறார்கள்.

இவற்றோடு ஒரே வரிசையில் வைத்து ஆராயத்தக்க திருநாள் ஒன்று இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக இருந்துவருகிறது. அது, மன்மதனாகிய காமனைச் சிவன் எரித்த கதையை ஆடிக்காட்டும் மாசி மாதத்துக் காமன் கூத்து. அதன் பாட்டை எழுதியெடுத்திருக்கிறார்கள், சடங்கை விவரித்திருக்கிறார்கள், தப்புப் பறையின் அடிமுறைகளைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். ஆட்டக்காரர் தலையில் சூடும் முடி மட்டும் ‘ஒப்பனை’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. அந்த முடியை எவர், எதைக்கொண்டு, எப்படிச் செய்கிறார் என்பதே இக்கட்டுரையின் பொருள். தோட்டத் தொழிலாளி தன் அளவுக்குத் தானே செய்து அணிந்த தலையணி என்று பார்க்கும்போது, காமன் முடி மலையகக் கைவினைகளில் முதலிடத்தில் வைக்கத்தக்கது என்பது என் முடிவு.

காமன் கூத்து மலையகம் முழுவதற்கும் பொதுவானது. ஊவாவுக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, பசறை, லுணுகலை, மடுல்சீமை ஆகிய தேயிலைப் பகுதிகளையும், பசறையிலிருந்து மொனராகலைக்கு இறங்கும் பாதையையும் ஒரே நிலப்பரப்பாகக் கொள்கிறேன். மொனராகலை 1959 வரை பதுளை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. பாதை இறங்க இறங்கத் தேயிலை குறைந்து இறப்பர் தொடங்குகிறது. தமிழ்க் குடும்பங்களின் எண்ணிக்கையும் குறைகிறது. கைக்குக் கிடைக்கும் பொருள்களும் மாறுகின்றன. முடியைப் பற்றிய ஆய்வுக்கு இந்த மாற்றம் முக்கியமானது.

2. தோட்டத்தில் தலையும் தரமும்

முன்பெல்லாம் தோட்டத்தில் ஒருவர் தலையில் என்ன இருக்கிறது என்பதைக்கொண்டே அவர் யார் என்று தொலைவிலிருந்து சொல்லிவிடலாம். தோட்ட நிர்வாகியான துரையின் தலையில் சோலாத் தொப்பி. பெரிய கங்காணியின் தலையில் வெள்ளைத் தலைப்பாகை, உடம்பில் கறுப்புக் கோட்டு; அந்தக் காலத்துப் புகைப்படங்களில் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கவ்வாத்து வெட்டும் ஆணின் தலையில் ஒரு துண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணின் தலையில் மடித்துப் போட்ட துணி, அதன்மேல் கூடைக் கயிறு. மழைக்காலத்தில் ஆண் பெண் இருவருக்கும் கறுப்புக் கம்பளியே கொங்காணி. அந்தக் கம்பளியும் சும்மா வந்ததில்லை. தோட்டம் கொடுக்கும், விலையைத் தொழிலாளியின் கணக்கில் எழுதிக் கழித்துக்கொள்ளும்.

கொழுந்துக்காரியின் தலைத்துணியைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். முழுக் கூடையின் பாரமும் ஒரு கயிற்றின் வழியே உச்சித் தலையில் இறங்குகிறது. துணியை நான்காக மடித்தால் கயிறு வழுக்கும். ஒற்றையாகப் போட்டால் தலையை அறுக்கும். ஆகவே ஒவ்வொருத்தியும் தன் தலைக்கும் தன் கயிற்றுக்கும் ஏற்றபடி ஒரு மடிப்பைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். கடையில் வாங்கும் தொப்பி எதுவும் இந்த வேலையைச் செய்யாது. தோட்டத்தில் தலையணி செய்யும் அறிவு கூத்துக் களத்துக்கு முன்பே தேயிலை மலையில் தொடங்கிவிடுகிறது.

துரையின் சோலாத் தொப்பியிலும் ஒரு செய்தி உண்டு. சதுப்பு நிலத்தில் வளரும் நெட்டிச் செடியின் தண்டுச் சோற்றை வெட்டி ஒட்டித்தான் அந்தத் தொப்பி செய்யப்பட்டது. அதே நெட்டியைச் சீவித்தான் தஞ்சாவூர்க் கைவினைஞர் கோயில் கோபுரங்களையும் தெய்வ உருவங்களையும் செய்கிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020இல் இந்தியா புவிசார் குறியீடு வழங்கியது. எடையில்லாமல் உயரம் காட்டவேண்டும் என்ற தேவைக்கு இரண்டு இடத்திலும் ஒரே செடிதான் விடை தந்திருக்கிறது. காமன் முடி செய்பவருக்கும் தேவை அதுதான். ஆனால் அவர் கையில் நெட்டி இல்லை, அட்டைப்பெட்டிதான் இருக்கிறது.

துரை வரும் பாதையில் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குடை இருந்தால் மடக்கி, ஓரமாக ஒதுங்கி நின்ற காலத்தைப் பற்றி முதியவர்கள் சொல்லக் கேட்கலாம். தலையணியைக் கழற்றுவது மரியாதையாகக் கட்டாயப்படுத்தப்பட்ட ஒரு சமூகத்தில், ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளி ஒரு முழ உயர முடி சூடி, தோட்டம் முழுவதும் தன்னைப் பார்க்க ஆடுகிறார். இந்த எதிர்நிலையைக் கவனியாமல் காமன் முடியின் அளவையோ மினுக்கத்தையோ விளக்க முடியாது.

3. மாசித் திருநாளின் ஒழுங்கு

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும் நாளில் காமன் ஊன்றுவது பொது வழக்கு. கரும்பும் ஆமணக்கும் வைக்கோலும் கொண்டு கம்பம் அமைத்து நடுவார்கள். நட்ட இடம் காமன் பொட்டல். முக்கியப் பாத்திரம் ஏற்பவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். அன்றிலிருந்து பௌர்ணமியை ஒட்டிய இரவு வரை, வேலை முடிந்த பிறகு, இரவுகளில் பாட்டும் தப்பும். சில தோட்டங்களில் லயம் எனும் வரிசை வீடுகளில் வாழ்வோர் ரதி வீட்டார், மன்மதன் வீட்டார் என்று பிரிந்துகொண்டு சம்பந்தம் பேசுவதும் சீர் கொண்டுவருவதும் உண்டு. கேலியும் சிரிப்பும் நிறைந்த இந்தப் பகுதிதான் திருநாளின் இலேசான முகம். இறுதி இரவில் சிவனின் தவத்தை மன்மதன் கலைக்கிறான், நெற்றிக்கண் அவனை எரிக்கிறது, ரதி புலம்புகிறாள். பின்பு அவன் உயிர்த்தெழும் சடங்கு.

பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை வரும் இந்த மாதத்தில் ஊவாவில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்திருக்கும். முடி செய்பவருக்கு இது வாய்ப்பும் இடரும். பகல் வெயிலில் ஒட்டியது காயும். விடியவிடிய ஆடும்போது இறங்கும் பனியில் அதே பசை இளகும். அப்புத்தளை போன்ற உயரத்தில் இந்தப் பனியைக் கணக்கில் எடுக்காமல் செய்த முடி நள்ளிரவுக்கு மேல் தாங்காது.

காமன் ஊன்றியதற்கும் எரிப்பதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு வாரம். பாட்டுப் பழகுவது, சீர் சேர்ப்பது, முடி கட்டுவது எல்லாம் இந்த இரண்டு வாரத்துக்குள், பெயர் போட்டு நாள் சம்பளத்துக்கு உழைத்துவிட்டு வந்த பிறகு, லயத்து வாசலில் நடக்கவேண்டும். பிள்ளைகள் தாளை வெட்டிக் கொடுக்கிறார்கள், பெண்கள் பசை காய்ச்சுகிறார்கள், அண்ணன் தம்பிமார் வளையம் கட்டுகிறார்கள். தனிக் கைவினைஞர் ஒருவரின் படைப்பாக மட்டும் இந்த முடியைப் பார்ப்பது சரியாகாது.

4. முடி கட்டும் முறை

4.1 வளையம்

முதல் வேலை தலையை அளப்பது. ஒரு நூலை நெற்றிக்கு மேல், காதுகளுக்கு மேல், பிடரி எலும்பைத் தொட்டுச் சுற்றி எடுக்கவேண்டும். அந்த நீளத்தோடு இரண்டு விரற்கடை கூட்டினால் வளையத்தின் அளவு. அந்த இரண்டு விரற்கடை, உள்ளே கட்டப்போகும் துணிக்கான இடம். இதை விட்டால் ஆட்டத்தின் நடுவே நெற்றி வலிக்கும், ஆட்டக்காரரின் கை தானாக முடியைத் தொடப் போகும்.

மூங்கில் பத்தையைப் பச்சையாகவே சீவி, தணலில் வாட்டி வளைத்தால் வளையம் உருவாகும். பிரம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பியும் வளையும், ஆனால் கம்பி ஒருமுறை நசுங்கினால் நசுங்கியபடியே இருக்கும். மூங்கில் திரும்பி நிமிரும். கூட்டத்தில் இடிபட்டு எழுந்து ஆடும் பாத்திரத்துக்கு மூங்கிலே பொருத்தம்.

4.2 மட்டை

வளையத்தின் முன்பக்கம் எழும் தட்டுத்தான் முடியின் முகம். சவர்க்காரம், பிஸ்கட் வரும் அட்டைப்பெட்டிதான் இதற்கு மூலப்பொருள். அட்டையின் உள்ளே நெளிநெளியாக ஓடும் வரிகள் மேலும் கீழுமாக நிற்கும்படி வெட்டவேண்டும். குறுக்காக வெட்டினால் தட்டு தலையின் வளைவுக்கு வளையாமல் மடியும், உயரமும் நிற்காது. கடதாசியில் பாதி உருவத்தை வரைந்து, நடுவே மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒத்துவரும். நல்ல முடிகாரர் இந்த மாதிரிக் கடதாசியை எறிவதில்லை. அடுத்த மாசிக்கு அதையே எடுக்கிறார், அடுத்த தலைமுறைக்கு அதையே கொடுக்கிறார். எழுத்தில் இல்லாத மரபு கைமாறும் வழி இது.

4.3 பசை

கோதுமை மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கிண்டினால், பால் நிறம் மாறிக் கண்ணாடி போலத் தெளியும்போது பசை பதம். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் சிறிது சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கும் வேலையில் தவிர்ப்பதே முறை. பழைய செய்தித்தாளைக் கிழித்து மூன்று நான்கு அடுக்காக ஒட்டவேண்டும். வெட்டக்கூடாது, கிழிக்கவேண்டும். கிழிந்த ஓரம் மெலிந்திருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மறையும். வெட்டிய ஓரம் மேட்டைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது. பொறுமை இல்லாமல் ஈரத்தின்மேல் ஈரத்தை ஒட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும், முடி நாறும். பனிக்கு எதிரான ஒரே காப்பு கடைசியாகப் பூசும் எண்ணெய்ச் சாயமோ வார்னிஷோ தான்.

4.4 மினுக்கம்

கூத்து இரவில் நடக்கிறது. தீப்பந்தம், பெற்றோல்மாக்ஸ், பின்பு மின்குமிழ் என்று ஒளி மாறினாலும், அது ஒரு பக்கத்திலிருந்தே விழுகிறது. ஆகவே முடியில் நிறத்தைவிட மினுக்கம் பெரிது. ஈயத்தாள், ஜிகினா, சிறு கண்ணாடித் துண்டு, பாசிமணி, நத்தாருக்கு வரும் மினுங்கு சரிகை எதுவும் வீணாவதில்லை. கண்ணாடித் துண்டுகளை ஒரே தளத்தில் ஒட்டாமல் சற்றே சாய்த்துச் சாய்த்து ஒட்டினால், ஆட்டக்காரர் சுழலும்போது ஒளி ஒரே நொடியில் தோன்றி மறையாமல் தொடர்ந்து ஓடும்.

மொனராகலைப் பக்கம் இறங்கினால் மயில் இறகுக்குக் குறைவில்லை. உலர்வலயக் காட்டின் ஓரங்களில் உதிர்ந்து கிடப்பவை அவை. கதிர்காமம் இந்த மாவட்டத்திலேயே இருப்பதால், காவடிக்கு இறகு கட்டும் கைகளும் இங்கே உண்டு. இறகின் தண்டை நேராகச் செருகாமல், அடியில் நூல் சுற்றி மெழுகு பூசிச் சிறு கட்டாக்கிச் செருகுவது காவடிக் கட்டு முறை. முடியின் உச்சிக்கும் அதுவே ஏற்றது. மன்மதன் வில்லுக்கு வேண்டிய கரும்பும் பெல்வத்தை, செவனகலை சீனித் தொழிற்சாலைகளின் வயல்களில் ஏராளம். மேலே உள்ள தோட்டங்களுக்கு இவை அரிய பொருள்கள்.

4.5 எடை

முடி எவ்வளவு உயரமாகவும் இருக்கலாம், உயர்ந்த பாகம் கனக்கக்கூடாது. மேல் மூன்றில் ஒரு பங்கு இறகும் தாளுமாக மட்டும் இருந்தால் வேகமான சுழற்சியிலும் தலை பின்னால் இழுபடாது. இரு காதருகே வரும் தட்டுகள் அழகுக்கு மட்டும் உரியவை அல்ல. பாரத்தைக் கீழே இறக்குபவை அவை, தாடைக்கடியில் கட்டும் நாடாவை மறைப்பவையும் அவையே. வியர்வை மட்டையில் ஊறாதபடி முதலில் தலையில் பருத்தித் துணி சுற்றி, அதன்மேல் முடியை இறக்குவது வழக்கம். கொழுந்துக்காரி கயிற்றுக்கு அடியில் துணி போடுகிறாள், கூத்துக்காரர் முடிக்கு அடியில் துணி சுற்றுகிறார். பாரத்துக்கும் தலைக்கும் நடுவே ஒரு மடிப்பு வேண்டும் என்ற அறிவு இரண்டிலும் ஒன்றே.

5. பாத்திரமும் முடியும்

எல்லாப் பாத்திரத்துக்கும் முடி இல்லை. சிவனுக்கு வேண்டியது சடை. சணலைச் சாயத்தில் நனைத்து முறுக்கி உயர்த்தி, பிறையும் பாம்பும் வைக்கவேண்டும். வீரபத்திரனுக்குத் தீக்கொழுந்து போன்ற கூர்முனைகள். எமனுக்கு எருமைக் கொம்பை நினைவூட்டும் வளைவு. ரதியாக ஆண் ஆடுவதே மரபாதலால், கொண்டையும் நெற்றிச்சுட்டியும் பூவும் சேர்ந்த தலையலங்காரம் உருவத்தையே மாற்றவேண்டும். செய்வதற்கு மிகக் கடினமானது இதுதான் என்பேன். தூதனுக்குத் தலைப்பாகை போதும்.

மன்மதனின் முடிதான் எல்லாரும் கண்வைக்கும் முடி. மாப்பிள்ளை வீட்டாரின் மானம் அதில் இருக்கிறது. கிளியை வாகனமாகக் கொண்டவன் ஆகையால் கிளி உருவமும், மலர்க்கணை ஏந்துபவன் ஆகையால் பூவேலையும் அதற்கு இயல்பாகப் பொருந்தும். மன்மதன் எரிந்த பின் ரதி அழுவதற்கு அந்த முடியின் அழகும் ஒரு காரணமாக அவையோருக்குத் தோன்றவேண்டும்.

கோமாளியின் கூம்புத் தொப்பிக்குத் தனி இடம் தரவேண்டும். தமிழகத் தெருக்கூத்துக் கட்டியங்காரனின் தலையிலும் கூம்புக் குல்லாய் உண்டு. ஒரு முழுத்தாளைச் சுருட்டி ஒட்டினால் வந்துவிடும் இந்தத் தொப்பியைப் பார்த்து முதலில் கைவைப்பவர்கள் பிள்ளைகள். மன்மதன் முடிக்கு எட்டாத கை கோமாளித் தொப்பிக்கு எட்டுகிறது. அங்கே பழகிய கைதான் ஆண்டுகள் கழித்து வளையம் கட்ட வருகிறது.

6. ஒப்பீடு

கண்டிய நடனத்தில் வெஸ் தலையணி நீண்ட பயிற்சிக்குப் பிறகு சடங்கோடு சூட்டப்படுவது. தகுதி பெறாதவர் தலையில் அது ஏறாது. பதுளையின் பெரஹராக்களில் அதைக் கண்டு வளர்ந்தவர்கள்தான் ஊவாத் தோட்டத்தாரும். காமன் முடிக்கும் விரதம் உண்டு. ஆனால் குருகுலப் பயிற்சி இல்லை. நேற்று கவ்வாத்துக் கத்தி பிடித்தவர் இன்று சூடலாம். மட்டக்களப்புக் கூத்தில் வடமோடிக்குப் பாரமான உடுப்பும் முடியும், தென்மோடிக்கு இலேசானவையும் என்ற வேறுபாடு ஆட்ட முறையோடு சேர்ந்து வளர்ந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோது அந்த மரபின் ஆடையணிகளும் அறிஞர் கவனத்துக்கு வந்தன. தோட்டத்து முடிக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை.

அம்பலாங்கொடை இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கே கோலம் ஆட்டத்தின் அரசன், அரசி முகமூடிகள் அடுக்கடுக்கான முடியோடு மரத்தில் செதுக்கப்படுகின்றன. மரம் நிலைக்கிறது, அருங்காட்சியகத்தில் நிற்கிறது, பயணிகள் வாங்கிப் போகிறார்கள். காமன் முடி தாளும் பசையும். கூத்து முடிந்ததும் நனைந்தும் கிழிந்தும் போகிறது, லயத்து அறையில் அதை வைக்க இடமும் இல்லை. எனவே கைவினை வரலாற்றில் அது பதிவாகவில்லை. நிலைத்தவற்றை மட்டும் கைவினை என்று கணக்கெடுக்கும் முறையே பிழை. பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் வாழ்ந்தவர்களின் கலைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

7. இன்றைய நிலையும் செய்யவேண்டியதும்

இன்று நகரத்துக் கடைகளில் பிளாஸ்டிக் முடி கிடைக்கிறது. நாடக உடுப்புகள் வாடகைக்கும் வருகின்றன. இளைஞர் பலருக்குக் கொழும்பில் வேலை. இரண்டு வாரம் லயத்து வாசலில் இருந்து அடுக்கடுக்காக ஒட்ட அவர்களுக்கு விடுப்பு இல்லை. இதற்காக அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் வாங்கிய முடி எவர் தலைக்கும் அளவெடுத்தது அல்ல, தோட்டத்தில் எவர் கையும் அதில் படவில்லை. ரதி வீட்டாரும் மன்மதன் வீட்டாரும் போட்டிபோட அதில் இடமில்லை. திருநாளின் கலகலப்பில் பாதி அந்த இரண்டு வார வேலையில்தான் இருந்தது என்பதை முடி வாங்கிய பிறகுதான் பலர் உணர்கிறார்கள்.

கம்பளை அருகே பாரதெக்கவில் உள்ள பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தொழிலாளரின் புழங்குபொருள்களைத் தேடிச் சேர்த்த அரிய முயற்சி அது. அங்கே ஒரு முடியை வைப்பது நல்லதே. ஆனால் அதைவிட அவசரமானது மாதிரிக் கடதாசிகளைச் சேர்ப்பது. காய்ந்த முடி ஒருவரின் தலையைத்தான் காட்டும். மாதிரிக் கடதாசி எத்தனை தலைக்கும் முடி தரும்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 6ஆம் தரத்திலிருந்து செயன்முறைத் தொழில்நுட்பத் திறன்கள் என்று ஒரு பாடம் உண்டு. நாடகமும் அரங்கியலும் அழகியல் பாடங்களில் ஒன்று. மாணவர்கள் காட்போட் வெட்டுகிறார்கள், பசை ஒட்டுகிறார்கள். ஆனால் செய்வது பேனைக்கூடும் வாழ்த்து மட்டையும். தோட்டப் பள்ளிகளில் மாசி மாதத்தில் ஒரு நாளை முடி கட்டும் நாளாக வைக்கலாம். வளையம் வாட்டத் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்து, சின்னஞ்சிறுசுகளுக்குக் கோமாளித் தொப்பியும் மேல்வகுப்பாருக்கு மன்மதன் முடியும் என்று பிரித்துக் கொடுக்கலாம். மேலே உள்ள பள்ளிகளுக்கு மயில் இறகை மொனராகலைப் பிள்ளைகள் சேர்த்து அனுப்பலாம். பசறை வழியே ஓடும் பஸ்ஸில் ஒரு பொதி ஏற்றிவிட்டால் போதும். அப்படிச் செய்த முடிகளில் சிறந்ததை அந்தத் தோட்டத்தின் மன்மதனே அந்த ஆண்டு காமன் பொட்டலில் சூடி ஆடவேண்டும். வெட்டிய மாதிரிக் கடதாசிகளை, செய்தவர் பெயரும் ஆண்டும் எழுதி, பள்ளி நூலகத்தில் சுருட்டி வைக்கவேண்டும்.